எத்தனையாவது மாடி?

விடிகாலைக் கனவு பலிக்கும் என்பார்கள்.
இரவு வேலைக்காரிக்கு ஏது விடிகாலை.
சன்னலில் கறுப்புக் காகிதம் ஒட்டிவிட்டு
நான் படுப்பது பகல் பதினொன்றுக்கு.
இது மத்தியானம் இரண்டரை மணிக் கனவு,
மேல்வீட்டில் யாரோ சுவரைத் துளைக்கும் சத்தத்தோடு.

புக்கிட் பாத்தோக், புளோக் 283, பி லிஃப்ட்.
கடைசி மாடி தாண்டியும் ஏறிக்கொண்டே போகிறது.
கதவு திறந்தால் கடல்.
உள்ளே பாயவில்லை,
மீன்தொட்டிக் கண்ணாடி மாதிரி நிமிர்ந்து நிற்கிறது.
அதில் ஒரு மஞ்சள் சைக்கிள் மிதக்கிறது,
பூட்டுப் போட்டபடி.

"புரோட்டா தின்னுட்டுப் படுத்தா அப்படித்தான்"
என்றார் கணவர்.
நாத்தனார் ஃபோனில் தேடி,
"தண்ணி வந்தா பணமாம் அண்ணி" என்றாள்,
அதே ஃபோனில் ஒரு சேலை காட்டினாள்.

லிஃப்டில் மாட்டியவர்கள் மணியை அமுக்கினால்
எடுப்பவள் நான். ஆறு வருஷம்.
எந்த புளோக், எத்தனையாவது மாடி,
உள்ளே எத்தனை பேர், மூச்சு விட முடிகிறதா.
பதிந்து, ஆள் அனுப்பி,
மூன்று நிமிடத்துக்குள் வைத்துவிட வேண்டும்.

வைக்கக் கூடாது என்று மூன்று பக்கம் எழுதினேன்.
ஆள் வர நாற்பது நிமிடம் ஆகிறது,
கதவு திறக்கும்வரை
ஒரு குரலாவது கூட நிற்கட்டும் என்று.
"நல்லா இருக்கு, மேகி" என்றார் ஃபைசால்,
ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல்.
என் பெயர் மங்களேஸ்வரி.
வருடாந்தர மதிப்பீட்டுப் படிவத்தில்
"உங்கள் இலக்குகள்" என்றொரு பெட்டி.
போன வருடத்து வரிகளையே
எனக்காக அவர்களே ஒட்டி வைத்திருந்தார்கள்,
எழுத்துப்பிழையும் அதே இடத்தில்.

தியோ அங்கிளிடம் சொன்னது தற்செயல்.
புதன்கிழமை, கோப்பிக் கடையில் வேறு மேசை இல்லை.
கொட்டாவி விட்டேன்.
தூங்கலையா என்றார். கனவு என்றேன்.
கோப்பையைத் தள்ளி வைத்தார்.
சட்டைப்பையிலிருந்து பேனா, பழைய நாலு நம்பர் சீட்டு,
அதன் வெள்ளைப் பக்கம்.

எந்த புளோக்?
எத்தனையாவது மாடி?
உள்ளே எத்தனை பேர்?
மலாய் பாதி, ஆங்கிலம் பாதி, கை பாதி.
பெண் பார்க்க வந்தவர்கள்கூட
என்னை இவ்வளவு கேட்டதில்லை.
சைக்கிள் பூட்டில் நம்பர் இருந்ததா?
ஏழு என்றேன்.
பார்க்கவேயில்லை நான்.
அவர் அடுத்த கேள்வி கேட்க வேண்டுமே
என்பதற்காகச் சொன்ன ஏழு.

2837 வரவில்லை.
சனிக்கிழமை அவரே தேடி வந்து உட்கார்ந்தார்,
கடன் வாங்கியவர் மாதிரி
பிடரியைத் தடவிக்கொண்டு.
"கனவு தப்பு இல்ல. நான் அடுக்கினது தப்பு.
எதையாவது சொல்லாம விட்டியா?"

ஏழு என் கைச்சரக்கு என்றேன்.
கோபப்படவில்லை. அடித்துவிட்டுக்
காத்திருந்தார்.

அப்போதுதான் மற்றதைச் சொன்னேன்.
அந்த லிஃப்டுக்குள் நான்தான் இருந்தேன்.
மணியை அமுக்கினேன். எடுத்தது என் குரல்.
எந்த புளோக் என்றது, சொன்னேன்.
எத்தனையாவது மாடி என்றது,
மாடியெல்லாம் தீர்ந்துவிட்டது, கடல் என்றேன்.
சரி என்று பதிந்துகொண்டது.
உள்ளே எத்தனை பேர்? ஒருத்தி.
மூச்சு? இருக்கிறது.
வைத்துவிட்டது.

சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"இதுக்கு நம்பர் இல்ல" என்றார் கடைசியில்.
பேனாவை மூடினார்.

ஆறு மணிக்குக் கவுண்டர் அடைத்துவிடும்.
பக்கத்துக் கடை வாசலிலிருந்து
சைக்கிள் நிறுத்தம் வரை வரிசை.
அவர் தெரிந்தவர் ஒருவர் கையை ஆட்டிக் கூப்பிட்டார்,
மணியைக் காட்டினார்.
ஐந்து ஐம்பது.

தியோ அங்கிள்
நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு,
"வெச்ச பிறகு?" என்றார்.